எழுத்தும் எண்ணும்: பெருங்கணினியில் பெர்ல் நிரல்மொழி நிறுவப்பட்ட வரலாறு

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எழுத்துருக்களிலிருந்தே தொடங்குவர். திஸ்கி, டாம், டாப், ஒருங்குறி எனக் குறியேற்றங்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, அவற்றைச் சூழ்ந்து எழுந்த வாதங்களை எடுத்துரைப்பர். அவ்வாதங்களின் அடியில் ஒரு வினா எப்போதும் இருந்துவந்துள்ளது. ஓர் எழுத்து என்பது அதற்குக் கணினியில் இடப்பட்ட எண்தானா, அன்றி அந்த எண்ணுக்கு அப்பாற்பட்ட ஒன்றா என்பதே அது. இதே வினாவைத் தமிழோடு தொடர்பில்லாத ஒரு களத்தில், ஆங்கில எழுத்துகளை மட்டுமே வைத்துக்கொண்டு, ஒரு சிறு குழுவினர் எதிர்கொள்ள நேர்ந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினி இயங்குதளமான ஓஎஸ்/390இல் பெர்ல் நிரல்மொழியைப் பெயர்த்து நிறுவிய பணியே அக்களம். 1998 முதல் 2015 வரையிலான அப்பணியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இதில் தமிழ் எங்கே வருகிறது என்று கேட்கும் பேராளர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். தமிழ் உரிய இடத்தில் தானாகவே வருகிறது.

துளையட்டையின் எச்சம்

பெருங்கணினியின் எழுத்துக் குறியேற்றம் எப்சிடிக் எனப்படும். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிகளோடு அது புழக்கத்துக்கு வந்தது. அதன் அமைப்பைப் புரிந்துகொள்ளக் கணினிக்கும் முந்திய துளையட்டையை நினைவுகூர வேண்டும். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எர்மன் ஹொலரித் உருவாக்கிய அட்டைப் பொறிகளின் மரபில் வந்த ஐபிஎம் அட்டையில், ஒவ்வொரு நெடுவரிசையிலும் 12 துளையிடங்கள் இருந்தன. எண்ணுக்கு ஒரு துளை போதும். எழுத்துக்கு இரு துளைகள் தேவைப்பட்டன. மேலே உள்ள மூன்று மண்டலங்களுள் ஒன்றில் ஒரு துளையும், 1 முதல் 9 வரையிலான இடங்களுள் ஒன்றில் மற்றொரு துளையும் இடப்பட்டன. ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் இவ்வாறு ஒன்பது, ஒன்பது, எட்டு என மூன்று குழுக்களாகப் பிரிந்தன. மூன்றாம் குழுவின் முதல் இடம் சாய்கோட்டுக் குறிக்குப் போய்விட்டதால், ‘எஸ்’ என்னும் எழுத்து இரண்டாம் இடத்தில் தொடங்கியது.

எப்சிடிக் இந்தப் பிரிவினையை அப்படியே எண்ணாக்கிக்கொண்டது. பேரெழுத்துகளில் ‘ஏ’ முதல் ‘ஐ’ வரை 193 முதல் 201 வரையிலும், ‘ஜே’ முதல் ‘ஆர்’ வரை 209 முதல் 217 வரையிலும், ‘எஸ்’ முதல் ‘இசட்’ வரை 226 முதல் 233 வரையிலும் குறியெண்கள் அமைந்தன. ‘ஐ’க்கும் ‘ஜே’க்கும் இடையே ஏழு எண்கள் ஆங்கில எழுத்தில்லா இடங்களாயின. ‘ஆர்’க்கும் ‘எஸ்’க்கும் இடையே அத்தகைய இடங்கள் எட்டு. அட்டையில் துளையிடுபவரின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு, அட்டைகள் மறைந்த பின்னும் வங்கிகளின் கணக்குகளிலும் அரசுகளின் ஆவணங்களிலும் நிலைத்துவிட்டது. சிஸ்டம்/360இல் ஆஸ்கி முறைக்கென ஒரு பிட்டு ஒதுக்கப்பட்டிருந்ததும், பயன்படுத்துவார் ஏறத்தாழ இல்லாமையால் அடுத்து வந்த 370 வரிசையில் அது கைவிடப்பட்டதும் இங்கே நினைக்கத்தக்கவை.

யூனிக்ஸ் உலகின் நம்பிக்கைகள்

பெர்ல் பிறந்த உலகம் வேறு. மொழியியல் பயின்றவரான லாரி வால் 1987 திசம்பரில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். சி மொழியில் எழுதப்பட்ட பெர்ல், யூனிக்ஸ் கணினிகளில் வளர்ந்தது. அக்கணினிகள் ஆஸ்கியைப் பின்பற்றின. ஆஸ்கியில் ஆங்கில எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்ந்து அமைந்துள்ளன. எனவே சி மொழியில் எழுதுவோரிடம் சில பழக்கங்கள் வேரூன்றின. அடுத்த எழுத்து வேண்டுமெனில் ஒன்றைக் கூட்டுவார்கள். சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்க 32ஐக் கழிப்பார்கள். குறியெண் 127ஐத் தாண்டினால் அது அயல்மொழி எழுத்து என முடிவுசெய்வார்கள்.

இவற்றுள் எதற்கும் சி மொழியின் தரவரையறை உறுதி அளிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1989ஆம் ஆண்டின் தரவரையறை, 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் மட்டுமே தொடர்ச்சியாக அமையும் என்று கூறியது. எழுத்துகளைப் பற்றி அது அவ்வாறு கூறவில்லை. பழக்கம் வரையறையை மீறி நடந்துகொண்டிருந்தது.

மூன்றாம் பழக்கத்தின் விளைவு தமிழ் ஆய்வாளர்களுக்குச் சற்று வேடிக்கையாகவும் தோன்றக்கூடும். எப்சிடிக்கில் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 129இல் தொடங்குகின்றன. இலக்கங்கள் 240 முதல் 249 வரை உள்ளன. அதாவது ஆங்கிலத்தின் எல்லா எழுத்துகளும் எல்லா இலக்கங்களும் 127க்கு மேற்பட்டவை. 127க்கு மேற்பட்டதெல்லாம் அயல் எழுத்து என்று கருதும் நிரல் ஒன்றைப் பெருங்கணினியில் ஓட்டினால், ஆங்கிலமே அங்கு அயல்மொழியாகிவிடுகிறது. உலகின் பிற மொழியினர் அன்றாடம் எதிர்கொண்டதை அந்தக் கணினியில் ஆங்கிலமும் எதிர்கொண்டது.

நிறுவும் பணி

1990களின் நடுப்பகுதியில் ஐபிஎம் தனது பெருங்கணினி இயங்குதளத்துக்குள் யூனிக்ஸ் சூழல் ஒன்றைச் சேர்த்தது. எம்விஎஸ் வழிவந்த அவ்வியங்குதளம் 1995 இறுதியில் ஓஎஸ்/390 எனவும், பின்னர் இசட்/ஓஎஸ் எனவும் பெயர்பெற்றது. யூனிக்ஸ் கட்டளைகளும் கோப்பு முறையும் அங்கே கிடைத்தன. ஆனால் எழுத்துகள் எப்சிடிக்காகவே நீடித்தன. வெளித்தோற்றம் யூனிக்ஸ், உள்ளே துளையட்டை எனலாம்.

1998இல் வெளிவந்த பெர்ல் 5.005 பதிப்புக்கென டேவிட் ஃபியாண்டர் எழுதி, பீட்டர் பிரிம்மர் முதலியோர் வளர்த்தெடுத்த நிறுவல் கையேடு இப்பணியின் முதன்மைச் சான்றாவணம். தொழில்நுட்பக் கையேடுகளை வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. கல்வெட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொரு குறிப்புக்கும் காரணம் தேடிப் படித்தால், அவை அக்கால உழைப்பை நன்கு காட்டுகின்றன.

முதற்சிக்கல் பொட்டலத்தைப் பிரிப்பதிலேயே தொடங்குகிறது. மூலநிரல்கள் ஆஸ்கியில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பிரித்தால் பெருங்கணினியின் தொகுப்பிக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆகவே பிரிக்கும்போதே ஒவ்வொரு பைட்டையும் ஐபிஎம்-1047 என்னும் குறிப்பக்கத்துக்கு மாற்றும்படி கையேடு பணிக்கிறது. எப்சிடிக் என்பது ஒற்றைக் குறியேற்றம் அன்று. அது குறிப்பக்கங்கள் பலவற்றின் குடும்பம். வட அமெரிக்காவில் பரவலாக வழங்கிய 37ஆம் பக்கத்தில் திறக்கும் சதுர அடைப்புக்குறியின் எண் 186. யூனிக்ஸ் சூழலுக்குரிய 1047ஆம் பக்கத்தில் அதன் எண் 173. பெர்ல் மொழியில் சதுர அடைப்பு இல்லாமல் ஒரு பக்க நிரல் எழுதுவதே அரிது. இரு பக்கங்களும் கலந்துவிட்டால், எழுதியவரின் திரையில் சரியாகத் தோன்றும் நிரல் தொகுப்பியிடம் பொருளற்றதாகிவிடும். திஸ்கியில் எழுதிய மடலை வேறு குறியேற்றத்துக்குரிய எழுத்துருவில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை.

வரிமுடிவிலும் இதே குழப்பம் இருந்தது. எப்சிடிக்கில் வரியை முடிக்கும் கட்டுப்பாட்டுக் குறிகள் இரண்டு. ஒன்று 21, மற்றொன்று 37. ஆஸ்கியின் வரிமுடிவுக் குறியான 10ஐ இவற்றுள் எதனோடு பொருத்துவது என்பதில் ஐபிஎம்மின் பொது மாற்று அட்டவணையும் யூனிக்ஸ் சூழலின் அட்டவணையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பெர்லின் வரிமுடிவு 21 ஆயிற்று.

இவற்றைவிட நுட்பமானது இலக்கணப் பகுப்பான் தொடர்பானது. ஒரு நிரல்மொழியின் தொடரிலக்கணத்தைப் படித்தறியும் பகுதியைப் பெரும்பாலும் கையால் எழுதுவதில்லை. இலக்கண விதிகளைக் கொடுத்தால், ஒரு துணைநிரல் எண் அட்டவணைகளாக அதனை ஆக்கித் தருகிறது. அவ்வட்டவணைகளில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்றவை அவற்றின் குறியெண்களாலேயே இடம்பெறுகின்றன. ஆஸ்கிக் கணினியில் ஆக்கிய அட்டவணை எப்சிடிக் கணினியில் தவறான இடத்தைச் சுட்டும். மூலநிரலை எழுத்தெழுத்தாக மாற்றினாலும் அட்டவணையிலுள்ள எண்கள் மாறா. எழுத்தாகக் காணப்படுவது மாறுகிறது, எண்ணாக ஒளிந்திருப்பது மாறுவதில்லை. இதற்கென அட்டவணைகளைத் தனியே ஆக்கவேண்டியிருந்தது. பிற்காலப் பதிப்புகள் இருவகை அட்டவணைகளையும் சுமந்துசென்று, ‘ஏ’ என்னும் பேரெழுத்தின் எண் 193தானா என்று தொகுப்பியையே கேட்டு, உரியதைத் தேர்ந்தன. அந்த ஒரு வரி வினாவைப் பெர்லின் மூலநிரலில் பல இடங்களில் காணலாம்.

தொகுப்பியின் விரைவாக்க வசதியைப் பயன்படுத்தலாகாது என்றும் கையேடு எச்சரித்தது. அதை இயக்கினால் பெர்ல் பிழைபட நடந்தது. பதின்மப் புள்ளிக் கணக்கிலும் ஓர் இடறல் பதிவாகியுள்ளது. ஒரு இலட்சத்தை ஒரு இலட்சத்தால் வகுத்து முழு எண்ணை எடுத்தால் 1 வந்தது. அதே ஒரு இலட்சத்தை ஒரு இலட்சத்தில் ஒரு பங்கால் பெருக்கி முழு எண்ணை எடுத்தால் 0 வந்தது. அக்கணினியின் மரபுவழிப் பதின்மப் புள்ளி எண்கள் 16ஐ அடியாகக் கொண்டவை. இது எழுத்தைப் பற்றியதன்று என்பதால் இங்கே விரிக்கவில்லை.

மொழியின் உள்ளே எடுத்த முடிவு

பெர்லைத் தொகுத்து இயக்கியதோடு பணி முடியவில்லை. பெர்லில் எழுத்துத் தொகுதியைச் சுருக்கிச் சொல்ல ஒரு வழி உண்டு. சதுர அடைப்புக்குள் இரு எழுத்துகளை எழுதி நடுவே ஒரு சிறுகோடு இட்டால், முதல் எழுத்திலிருந்து இறுதி எழுத்து வரை எனப் பொருள்படும். ‘ஐ’ முதல் ‘ஜே’ வரை என்று ஒருவர் சிற்றெழுத்தில் எழுதினால் எதைக் கருதுகிறார்? ஆஸ்கியில் ஐயமில்லை, இரண்டே எழுத்துகள். 1047ஆம் பக்கத்தில் சிற்றெழுத்து ‘ஐ’யின் எண் 137, ‘ஜே’யின் எண் 145. இடையிலுள்ள ஏழு எண்களில் இரட்டைக் கோண மேற்கோள்கள் இரண்டும், ஐஸ்லாந்து மொழியில் வழங்கும் எழுத்துகள் மூன்றும், கூட்டல்-கழித்தல் குறியும், பாகைக்குறியும் அமர்ந்திருக்கின்றன. எண்வழிப் பொருள்கொண்டால் இவை அனைத்தும் ஆங்கில நெடுங்கணக்கில் புகுந்துவிடும்.

பெர்லைப் பெயர்த்தவர்கள் எண்ணைக் கைவிட்டு எழுத்தின் பக்கம் நின்றனர். எல்லைகள் இரண்டும் ஒரே வகை ஆங்கில எழுத்துகளாயின், இடையில் வரும் பிற குறிகள் தொகுதியில் சேரா என்று மொழியின் உட்பகுதியிலேயே விதித்தனர். எண்ணாலேயே எல்லை குறித்தால் மட்டும் எண்வரிசை செல்லும். நிரலர் எழுத்தை எழுதினால் நெடுங்கணக்கை நினைக்கிறார், எண்ணை எழுதினால் எண்ணை நினைக்கிறார் என்னும் இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். என் மதிப்பீட்டில் இப்பணியின் தலையாய முடிவு இதுவே.

அகரவரிசையில் அத்தகைய சலுகை தரப்படவில்லை. ஆஸ்கி வரிசையில் முதலில் இலக்கங்கள், அடுத்துப் பேரெழுத்துகள், பின்னர்ச் சிற்றெழுத்துகள் வரும். எப்சிடிக் வரிசையில் அது தலைகீழாகிறது: சிற்றெழுத்து, பேரெழுத்து, இலக்கம். ஒரே பெயர்ப்பட்டியலை இருவகைக் கணினிகளும் இருவேறு வரிசையில் தந்தன. பெர்லோடு வரும் சோதனை நிரல்களுள் பல இதனாலேயே தோற்றன. மொழியில் பிழையில்லை, சோதனையை எழுதியவரின் எதிர்பார்ப்பு ஆஸ்கியைச் சார்ந்திருந்தது.

ஒருங்குறியும் அகரமும்

2002 சூலையில் வெளிவந்த பெர்ல் 5.8 ஒருங்குறியை மொழியின் அடிப்படையாக ஏற்றது. ஆஸ்கிக் கணினிகளில் அதற்குரிய உள்வடிவம் யுடிஎஃப்-8. அது 127 வரையிலான எண்களை ஒரு பைட்டில் அப்படியே வைத்து, மற்றவற்றைப் பல பைட்டுகளாக்கும். எப்சிடிக்குக்கு இது பொருந்தாது. அதற்கென யுடிஎஃப்-எப்சிடிக் என்னும் வடிவம் வகுக்கப்பட்டது. ஒருங்குறிச் சேர்த்தியத்தின் 16ஆம் தொழில்நுட்ப அறிக்கையாக வெளிவந்த அதன் ஆசிரியர் ஐபிஎம் கனடாவைச் சேர்ந்த வி. எஸ். உமாமகேசுவரன்.

அவ்வடிவத்தின் தேவையைத் தமிழ் எழுத்தைக்கொண்டே விளக்கலாம். அகரத்தின் ஒருங்குறி எண் 2949. யுடிஎஃப்-8இல் அது 224, 174, 133 என மூன்று பைட்டுகளாகிறது. மூன்றாவதான 133ஐத் தனியே நோக்கினால், அது ‘அடுத்த வரி’ என்னும் கட்டுப்பாட்டுக் குறியின் எண். விவரமறியாத ஒரு மாற்றுநிரல் இதனைப் பைட்டு பைட்டாக எப்சிடிக்குக்கு மாற்றினால், 133 என்பது 21 ஆகவோ 37 ஆகவோ மாறும். முன்னர்க் கண்டபடி அவ்விரண்டும் வரிமுடிவுக் குறிகள். அதாவது ‘அம்மா’ என்று எழுதினால் முதல் எழுத்திலேயே வரி முறியக்கூடும். அகரம் மட்டுமன்று. உயிரெழுத்துகள் பன்னிரண்டுக்கும், மெய்களுள் க, ங, ச, ஞ, ட ஆகியவற்றுக்கும், புள்ளிக்கும் கடைசிப் பைட்டு 128 முதல் 159 வரையிலான கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே விழுகிறது.

யுடிஎஃப்-எப்சிடிக் இப்பகுதியைத் தொடுவதில்லை. 159 வரையிலான எண்கள் ஒவ்வொன்றும் ஒரே பைட்டில் தனித்து நிற்க, தொடரும் பைட்டுகள் ஐந்து பிட்டுகளை மட்டுமே சுமக்கின்றன. யுடிஎஃப்-8இல் அவை ஆறு பிட்டுகளைச் சுமக்கும். இந்த ஒரு பிட்டு இழப்பால் பல மொழிகளின் எழுத்துகள் நீள்கின்றன. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை மூன்று பைட்டுகளிலிருந்து நான்காகின்றன. மூன்று பைட்டுகளின் எல்லை 16383இல் முடிவதே அதற்குக் காரணம். தமிழ் எழுத்துகளின் எண்கள் 2944க்கும் 3071க்கும் இடைப்பட்டவை. அவை இங்கும் மூன்று பைட்டுகளே. இந்த மாற்றத்தில் தமிழுக்கு இழப்பில்லை.

வேறோர் உண்மையும் இங்குண்டு. பெர்லில் ஓர் எழுத்தின் எண்ணைக் கேட்டால், 255 வரை அந்தந்தக் கணினியின் சொந்த எண்ணும், அதற்கு மேல் ஒருங்குறி எண்ணும் விடையாக வரும். ஆகவே ஆங்கிலப் பேரெழுத்து ‘ஏ’ ஒரு கணினியில் 65, மற்றொன்றில் 193. தமிழ் அகரமோ இரண்டிலும் 2949. எண்ணை நம்பி எழுதிய நிரலில் ஆங்கிலம் ஊருக்கு ஊர் மாற, தமிழ் மாறாதிருந்தது.

பழுதும் மீட்பும்

நிறுவியதைப் பேணுவோர் இல்லையெனில் அது நிலைக்காது. 5.8க்குப் பின் வந்த பதிப்புகளில் பெர்லை வளர்த்தவர்களின் கைகளில் பெருங்கணினி இல்லை. புதிய வரிகள் ஆஸ்கிப் பழக்கத்தில் எழுதப்பட்டன. அவற்றைச் சோதித்துச் சொல்ல ஆளில்லை. எப்சிடிக் ஆதரவு விலக்கப்பட்டதாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் காலப்போக்கில் பெர்ல் அங்கே செவ்வனே தொகுபடாமலும் இயங்காமலும் போயிற்று. ஒரு மொழி ஒரு மண்ணிலிருந்து மறைவதற்கு ஆணை எதுவும் தேவையில்லை என்பதைப் புலம்பெயர்ந்தோர் அவையில் விரித்துரைக்க வேண்டா.

2015இல் வெளிவந்த 5.22 பதிப்பு, 1047ஆம் பக்கத்தைப் பயன்படுத்தும் இசட்/ஓஎஸ் தளத்தில் பெர்லின் மையப்பகுதி மீண்டும் இயங்குவதாக அறிவித்தது. இம்மீட்பில் கார்ல் வில்லியம்சனின் உழைப்பு பெரிது. அவர் இடத்துக்கிடம் ஒட்டுப்போடவில்லை. குறியெண்களைக் கையால் எழுதுவதை விடுத்து, அட்டவணைகளை ஒரே மூலத்திலிருந்து நிரலே ஆக்கிக்கொள்ளுமாறு செய்தார். எழுத்தைப் பெயராலோ ஒருங்குறி எண்ணாலோ சுட்டினால், அது எக்கணினியிலும் அதே எழுத்தாக அமைந்தது. அவ்வாறு சுட்டிய எல்லைகளும் எங்கும் ஒரே தொகுதியைத் தந்தன. எனினும் பெர்லோடு சேர்ந்து வரும் கூறுகளுள் பல அப்போதும் தத்தம் சோதனைகளில் தோற்றன என்பதையும் அப்பதிப்பின் குறிப்பு மறைக்கவில்லை.

தமிழ் நெடுங்கணக்கு

‘ஐ’க்கும் ‘ஜே’க்கும் இடையிலான வெற்றிடத்தைக் கண்டு வியப்போர், ஒருங்குறியில் நம் எழுத்துகளின் இருப்பையும் காண வேண்டும். 1991 முதல் ஒருங்குறியில் உள்ள தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி அமைப்பைப் பின்பற்றியது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் வெற்றாக உள்ளன. ணகரத்தை அடுத்துத் தகரம் நிற்க, தகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே மீண்டும் மூன்று வெற்றிடங்கள். பிறமொழிகளின் வருக்க எழுத்துகளுக்கான இருக்கைகள் அவை. துளையட்டையின் மண்டலம் ஆங்கிலத்துக்குச் செய்ததை, பொது அட்டவணை தமிழுக்குச் செய்தது.

இடைவெளியோடு நின்றிருந்தால் அது சிறு குறையே. வரிசையும் மாறியுள்ளது. நெடுங்கணக்கில் இறுதியாக வரும் னகரம், ஒருங்குறியில் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கிறது. றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் வகரத்துக்கு முன்னே அமர்ந்துள்ளன.

இப்போது தமிழ்ச் சொற்களை ஆராயும் மாணவர் ஒருவர், மெய்யெழுத்துகள் பதினெட்டையும் கருதி, ககரம் முதல் னகரம் வரை என்று பெர்லில் ஒரு தொகுதியை எழுதுவதாகக் கொள்வோம். தொல்காப்பியம் கற்றவர் அவ்வாறே எழுதுவார். கணினி ககரத்தின் எண்ணான 2965இல் தொடங்கி னகரத்தின் எண்ணான 2985இல் நிற்கும். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஆகிய ஒன்பதும் விடுபடும். பதினெட்டில் சரிபாதி! விடுபட்டவற்றுக்கு ஈடாகக் கிரந்த ஜகரம் உள்ளே வந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் மகரமும் ழகரமும் மெய்யல்ல என்று நிரல் அமைதியாக முடிவுசெய்யும்.

பெருங்கணினியில் ஆங்கிலத்துக்கு இவ்விடர் நேர்ந்தபோது, எழுத்தால் எல்லை குறித்தால் நெடுங்கணக்கின்படியே பொருள்கொள்க என்று மொழியின் உட்பகுதியிலேயே விதி எழுதப்பட்டது. எப்சிடிக் கணினிகளைப் பயன்படுத்துவோர் சிலருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. தமிழ் எல்லைகளுக்கு அத்தகைய விதி பெர்லில் ஆஸ்கிக் கணினியிலும் இல்லை, எப்சிடிக் கணினியிலும் இல்லை. ககரம் முதல் னகரம் வரை என்பது இரண்டிலும் இன்றும் அதே பத்து எழுத்துகளையே தருகிறது.